கணையத்தில் ஐந்து கோடை

சீனியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பனையடிப்பட்டி பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருடமாகச் சத்துணவு சமைத்தவர். அவருடைய கணையத்தைப் படம் எடுத்துப் பார்த்து, அவர் குடிகாரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் டாக்டர் தமயந்தி. அதற்கு அவளுக்கு நான்கு நிமிடம் ஆனது.

அப்போது அப்படி ஒரு சட்டம் இருந்தது. பள்ளி வேன் ஒன்று கண்மாய்க்குள் இறங்கி ஒன்பது பிள்ளைகள் இறந்துபோன பிறகு வந்த சட்டம். வேனை ஓட்டியவன் பழைய குடிகாரன் என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், ரத்தச் சோதனையில் அவன் ஒவ்வொரு முறையும் தேறியிருந்தான். முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டினால் போதும், ரத்தம் மறந்துவிடும். கணையம் மறக்காது என்று கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள், சமைக்கிறவர்கள், காவல் இருக்கிறவர்கள் எல்லோரும் அடுக்குப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாகலாறு நகரத்துப் பரிசோதனை மையத்துக்குத் தமயந்திதான் தலைமை மருத்துவர்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சீனியம்மாள் வந்தார். வெளுத்த நூல் சேலை, ஒல்லியான உடம்பு, கையில் பழைய தீக்காயத் தழும்புகள். அவரைப் படுக்க வைத்தவர் பீர் முகமது. படமெடுக்கும் இயந்திரங்களோடு பத்து வருடம் பழகிய தொழில்நுட்பர். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். பயந்து வருகிறவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். இதில் என்ன தெரியும் என்று சீனியம்மாள் கேட்டதற்கும் பொறுமையாகச் சொன்னார்.

"கணையம்னு வயித்துக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்மா. அது அடிபட்டா, கெட்டுப்போன எடத்துல கொழுப்பு வந்து உக்காந்துக்கும். முன்னெல்லாம் கொழுப்பு இருக்கு, இல்லைங்கிறது மட்டும்தான் படத்துல தெரியும். இந்த மெஷின் எந்தக் கொழுப்பு எந்த மாசம் வந்துச்சுன்னு சொல்லிரும். செவுரைச் சொரண்டிப் பாத்தா வருசா வருசம் பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு ஒண்ணு மேல ஒண்ணாத் தெரியும்ல, அது மாதிரி."

சீனியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "வீட்டுல நடந்ததெல்லாமா தெரியும்?" என்று கேட்டார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த தமயந்திக்கு அது காதில் விழுந்தது. குற்றமுள்ள நெஞ்சு என்று அப்போதே நினைத்துக்கொண்டாள்.

திரையில் படம் வந்தது. ஐந்து அடுக்குகள். ஒவ்வொன்றும் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஒன்றுமில்லை. ஐந்து வருடம், ஐந்து கோடை விடுமுறை. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்போது மட்டும் கெட்டுப்போகிற கணையம். தமயந்திக்கு அதில் புதிர் எதுவும் தெரியவில்லை. வேலை இல்லாத நாட்களில் குடிக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

இயந்திரம் மாதத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. அதை மருத்துவர்தான் நிரப்ப வேண்டும். அதற்கென்று திரையில் மூன்று கட்டங்கள்: மது, நோய், பட்டினி. குடியும் பட்டினியும் கணையத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தடம் விடும். எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்பது, எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து எடுக்கிற முடிவு. மூன்றாவது கட்டத்தில் தமயந்தி அதுவரை ஏழெட்டுப் பேருக்குத்தான் குறி போட்டிருந்தாள்.

பீர் முகமது அவள் பின்னால் வந்து நின்று, குடிக்கிறவர்களுக்கு இப்படி விட்டுவிட்டு வருவது குறைவு, ஒரு தடவை வீட்டு நிலவரம் கேட்டுப் பார்க்கலாமே என்றார்.

"சோத்துப் பானைக்குப் பக்கத்துலயே நிக்கிறவங்களுக்குப் பட்டினியா, பாய்?" என்றாள் தமயந்தி.

வெளிக்கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் வேன் ஓட்டுநர்கள். அவர்களுக்கு நடுவே சீனியம்மாளைக் கூப்பிட்டு, லீவு விட்டால் குடிப்பீர்களா என்று கேட்டாள். தனியறை இருந்தது. அங்கே அழைத்துப் போய்க் கேட்டிருக்கலாம். அன்றைக்கு இன்னும் முப்பது பேர் பாக்கி. ஓட்டுநர்களில் ஒருவன் சிரித்தான். சீனியம்மாள் அவள் முகத்தையும், அவள் பின்னால், திறந்த கதவுக்குள் எரிந்துகொண்டிருந்த பெரிய திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா. குடிப்பேன்."

அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். தமயந்தி முதல் கட்டத்தில் குறி போட்டாள். ஒரு வாரத்தில் சீனியம்மாள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். விதிப்படி அவர் பெயரும் காரணமும் பள்ளிக்கூட வாசல் பலகையில் ஒட்டப்பட்டன.

பிப்ரவரியில் இயந்திரத்துக்குப் புதிய மென்பொருள் வந்தது. கொழுப்போடு சேர்ந்து படிகிற வேறொரு பொருளை அது கண்டுபிடித்து, குடியையும் பட்டினியையும் தானே பிரித்துச் சொன்னது. பழைய படங்களையெல்லாம் மறுபடி அதில் ஓட்டிப் பார்க்கும்படி உத்தரவு. நாகலாறு மையத்தில் தமயந்தி குடி என்று எழுதியவை இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் முப்பத்தொன்று பட்டினி என்று மாறி வந்தன.

பீர் முகமது அந்தப் பட்டியலை அவள் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முதல் பெயர் சீனியம்மாள். ஐந்து கோடையும் பட்டினி.

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. பள்ளிக்கூடம் பூட்டினால் அந்த அம்மாளுக்குச் சோறு இல்லை. படம் அதைத்தான் சொல்லியிருக்கிறது. மாதம் போட்டு, வருடம் போட்டுச் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாளுக்குச் சோறு கிடைத்த ஒரே இடத்திலிருந்து அவரைத் தன் கையெழுத்தால் வெளியேற்றியிருக்கிறாள். கூடத்தில் அந்த ஓட்டுநர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. தானும் அப்போது லேசாகச் சிரித்தோமோ என்று யோசித்தாள். நிச்சயமாகத் தெரியவில்லை. சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

விதி என்னவென்றால், மருத்துவர் பதினைந்து நாளுக்குள் புதிய முடிவை ஏற்க வேண்டும், அல்லது முதல் அறிக்கையே சரி என்று காரணம் காட்டி நிலைநிறுத்த வேண்டும். ஏற்றுக்கொண்டால் திருத்தக் கடிதம் வீட்டுக்குப் போகும், பள்ளிப் பலகையிலும் ஒட்டப்படும், வேலை திரும்பக் கிடைக்கும். பட்டினி என்று முடிவானால் இன்னொன்றும் உண்டு. பெற்றவரைப் பட்டினி போட்ட பிள்ளைகள்மேல் பராமரிப்பு விசாரணை வரும்.

கடிதத்துக்கு முன்னால் தான் போய் நிற்க வேண்டும் என்று தமயந்திக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பனையடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். டீக்கடையில் வீட்டுக்கு வழி கேட்டபோது, கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமலே, "அந்தக் குடிக்கிற அம்மா வீடா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினார். தமயந்தி ஆமாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஓட்டுவீடு, முன்பக்கம் புதிதாகத் தகரம் இறக்கியிருந்தார்கள். மருமகள் பூங்கொடி வாசலுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், களைத்த முகம். மையத்து டாக்டர் என்றதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். புருஷன் அழகர்ராஜ் சோலார் பண்ணையில் மேற்பார்வையாளர், இப்போது வந்துவிடுவார் என்றாள். அத்தை பின்கட்டில் இருக்கிறார்களாம்.

பின்கட்டில் சீனியம்மாள் சாக்கு விரித்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தமயந்தியைக் கண்டதும் கை நின்றது. தமயந்தி சாக்கிலேயே அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். தப்பாக எழுதிவிட்டேன், நீங்கள் குடிக்கவில்லை, அது பட்டினி என்று இப்போது தெரிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

சீனியம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கம்மா" என்றார்.

பிறகு அவர் சொன்னது இது. அவரை யாரும் பட்டினி போடவில்லை. மருமகள் வந்ததும் அடுப்படியை அவள் கையில் விட்டார். பள்ளிக்கூடத்தில் காலையிலும் மதியமும் சாப்பாடு உண்டு. முதல் வாரத்தில் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பூங்கொடி கூப்பிட்டபோது, அங்கேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னார். புதுப்பெண்ணுக்குக் கணக்கு வைத்துப் பொங்கத் தெரியவில்லை, பானையில் சோறு குறைவாக இருந்தது, அதனால் சொன்னார். அதுவே வழக்கமாகிவிட்டது. அத்தை வெளியே சாப்பிட்டுவிடுவார் என்று வீட்டில் எல்லோர் மனதிலும் பதிந்துபோனது. லீவு வந்தபோது அந்த நினைப்பை யாரும் மாற்றவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மருமகள் பாதி நாள் தாய்வீட்டில் இருப்பாள். மகன் பண்ணையிலேயே சாப்பிடுவான். இருக்கிற நாளில் அவரவர் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். நீராகாரம், டீ, கிழங்கு சீசனில் யாராவது கொடுத்த கிழங்கு என்று அவர் ஓட்டியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் கேட்டால் சாப்பிட்டாச்சு என்பார்.

"கேட்டிருந்தாப் போட்டிருப்பாங்கம்மா. பூங்கொடி நல்ல புள்ள. ஆனா கேக்கணும்ல. எத்தனையோ பிள்ளைகளுக்கு அள்ளி வச்ச கை. என் வீட்டுல நானே போயித் தட்டை எடுத்து வச்சு உக்கார எனக்கு வரல. சாப்பிட வாங்கன்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் இருந்தேன். வறட்டுக் கவுரவம்னு வச்சுக்கங்க."

அப்படியானால் அன்றைக்கு ஏன் குடிப்பேன் என்று ஒப்புக்கொண்டீர்கள் என்று தமயந்தி கேட்டாள்.

"ஒங்களுக்குப் பின்னால திரையில மூணு கட்டம் இருந்துச்சு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மூணாவதைப் படிச்சுட்டேன். அதைக் கேட்டுருவீங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க குடியான்னு கேட்டீங்க. தப்பிச்சோம்னு ஆமான்னுட்டேன்."

தமயந்தியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடலைத் தொலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். கேட்கவே பயமாக இருந்தது.

சீனியம்மாள் சிரித்தார். வெட்கப்பட்ட சிரிப்பு. குடிகாரி என்று எழுதின பிறகு மகன் அவரைக் குடிமறப்பு மையத்துக்கு அழைத்துப் போனானாம். அங்கே இருந்த பெண், வெறும் வயிறாக விட்டால் மறுபடி குடிக்கத் தோன்றும், மூன்று வேளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சாப்பிடுகிறவரைக்கும் பக்கத்தில் இருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாளாம். அன்றிலிருந்து பூங்கொடி தவறுவதில்லை. மகனும் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"பிள்ளைங்கதான் தெருவுல ஒரு மாதிரி பாக்குதுங்க. அது ஒண்ணுதான் கஷ்டமா இருக்கு. மத்தபடி நல்லா இருக்கேன். நீங்க எழுதினது எழுதினபடி இருக்கட்டும்மா."

அது முடியாது என்றாள் தமயந்தி. உண்மை தெரிந்த பிறகு பொய்யை விட்டுவைக்கக் கூடாது, உங்கள் வேலை திரும்பக் கிடைக்கும், உங்கள் பேர் சுத்தமாகும் என்றெல்லாம் சொன்னாள். விசாரணை வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். விசாரணையில் அழகர்ராஜுக்கு எச்சரிக்கையோடு போகலாம், வேலைக்கும் ஆபத்து வரலாம்.

"விசாரணையை விடுங்கம்மா" என்றார் சீனியம்மாள். "அவன் அந்தத் தாளைப் படிச்சான்னா, அதுக்கப்புறம் அவனுக்குச் சோறு எறங்காது. அவனைத் தெரியும் எனக்கு. குடிச்ச அம்மாவை அவன் மன்னிச்சுட்டான். அவன் வீட்டுல பட்டினி கெடந்த அம்மாவை என்ன செய்வான்?"

உள்ளேயிருந்து பூங்கொடியின் குரல் வந்தது. "அத்தை, சாப்பிட வாங்க. டாக்டரம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

சீனியம்மாள் கையை உதறிக்கொண்டு உடனே எழுந்தார். அந்த வேகத்தைத் தமயந்தி பார்த்தாள்.

அழகர்ராஜ் வந்திருந்தான். தமயந்தி மறுத்தும் கேட்காமல் அவளுக்கும் இலை போட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். பூங்கொடி மாமியாரின் இலையிலேயே கண்ணாக இருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்தாள். தமயந்தி தன் இலையில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பூங்கொடி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. அந்த ரிப்போர்ட்ல எதுவும் தப்பு ஆயிருச்சா? அத்தை குடிச்சு நாங்க யாரும் பாத்ததே இல்ல. வாசம்கூட வந்ததில்ல. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு."

அழகர்ராஜும் நிமிர்ந்தான். சீனியம்மாள் இலையை மடித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"இல்லம்மா," என்றாள் தமயந்தி. "தப்பு ஒண்ணும் இல்ல. எப்படி இருக்காங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

பூங்கொடி மெல்ல மூச்சு விட்டாள். அது ஏமாற்றமா நிம்மதியா என்று தமயந்திக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அம்மாள் கேட்டபடி செய்தால், அவர் விஷயத்தில் தான் செய்த தவறு வெளியே தெரியாது. கூடத்தில் இருபது பேர் முன்னால் அவள் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கருணை என்று நினைத்துச் செய்யப்போகிற காரியம் அவளுக்கே வசதியாக அமைந்துவிட்டது. அந்த வசதி இல்லாமலிருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

பதினைந்து நாளுக்குள் முப்பது பேருக்குத் திருத்தக் கடிதம் போனது. முப்பது பேரையும் தமயந்தி நேரில் போய்ப் பார்த்தாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. திட்டு வாங்கியது அவளுக்கு இதமாக இருந்தது. மிச்சமிருந்த சீனியம்மாளின் படத்துக்கு நேரே, முதல் அறிக்கையே சரி என்று குறி போட்டு, 'சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டார்' என்று காரணம் எழுதினாள்.

கோப்புகள் பீர் முகமதுவின் கை வழியாகத்தான் போக வேண்டும். அவர் அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த அம்மாளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"குடிச்சாங்களாம், பாய்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்த பட்டினியை மறைப்பது சட்டப்படி குற்றம். சொன்னால் அவரும் பங்காளி ஆவார். அதுவுமில்லாமல், சொல்லித் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள அவளுக்குக் கூசியது. அவர் கோப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர அவளிடம் அவர் எதுவும் பேசவில்லை. தினமும் நாலு மணிக்கு அவளுக்கும் சேர்த்து வாங்கி வருகிற டீயும் நின்றுபோனது. கூடத்தில் எல்லோர் முன்னும் கேட்டது வெளியே வராமலிருக்க ஒரு ஏழைச் சமையல்காரியைக் குடிகாரியாகவே விட்டுவிட்ட டாக்டர் என்று அவர் நினைக்கிறார் என்பது தமயந்திக்குத் தெரியும். நினைக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஜூன் மாதக் கடைசியில், குடி நின்றதா என்று பார்க்கிற மறுபரிசோதனைக்குச் சீனியம்மாளை அழகர்ராஜ் அழைத்து வந்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. புதுச் சேலை கட்டியிருந்தார். பீர் முகமது வழக்கம்போல நாலு வார்த்தை பேசிப் படுக்க வைத்தார். திரையில் பழைய ஐந்து அடுக்குகளும் இருந்தன. இந்த வருடத்து ஏப்ரல், மே இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பே இல்லை. கோப்பில் நிலைநிறுத்தியிருந்த முடிவை வைத்து இயந்திரம் தானாகவே 'மது: நிறுத்தப்பட்டது' என்று அச்சடித்துக் கொடுத்தது.

தமயந்தி இந்த முறை அவர்களைத் தனியறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தாளைக் கொடுத்தாள். அழகர்ராஜ் அதை இரண்டு தடவை படித்தான். அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மாவைத் திருப்பிக் குடுத்துட்டீங்க மேடம். நீங்க மட்டும் அன்னைக்குக் கண்டுபிடிக்கலேன்னா எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்."

தமயந்தி சீனியம்மாளைப் பார்த்தாள். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, போகலாமாப்பா, சாப்பாட்டு நேரம் ஆச்சு என்று மகனிடம் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அவள் வெளியே வந்தாள். பீர் முகமது இன்னும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றிருந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவராகப் பேசினார்.

"இந்த வருசம் அந்தம்மாவுக்கு யாரோ சோறு போட்டிருக்காங்க, மேடம்."

தமயந்தி தலையை ஆட்டினாள்.

"அப்போ நீங்க தெரிஞ்சுதான்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்து, அந்த அம்மாளுக்காகத்தான் அப்படி எழுதினீர்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் மறுபடி பழைய மாதிரி ஆகிவிடுவார். அவர் அதற்காகவே காத்து நிற்பதுபோலவும் இருந்தது.

"முழுசா இல்ல, பாய்," என்றாள் தமயந்தி.